கல்குவாரித் தூசியில் இரண்டு கார்கள்: ஆயில் பூசிய ஏர் ஃபில்டரா, டிரை ஏர் ஃபில்டரா?

பின்னணி

பல்லடத்தை அடுத்த காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தூசி தெரியும். கல்குவாரிகளும் கிரஷர்களும் அடுத்தடுத்து இருக்கிற பகுதி. டிப்பர் லாரி ஒன்று எதிரே கடந்துபோனால், பின்னால் வருகிற கார் சில நொடிகள் வெள்ளைப் பொடிக்குள்ளேயே ஓடும். தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போனாலும் வெயிலில் பாதை சீக்கிரமே காய்ந்துவிடும்.

இந்த ஆய்வில் வரும் உரிமையாளர் கிரஷர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். லாரிகள் தவிர இரண்டு டிசையர் டீசல் கார்களும் வைத்திருக்கிறார். இரண்டுமே 1248 சி.சி. இன்ஜின், பி.எஸ்.4 காலத்து வண்டிகள். ஒரு கார் சூப்பர்வைசர்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கக் குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே அலையும். இன்னொன்று பெரும்பாலும் கோவை விமான நிலையம், திருப்பூர் என்று தார் ரோட்டில் ஓடும், இடையிடையே குவாரிக்கும் போகும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால், இந்த இரண்டையும் இன்னும் பல வருடம் நல்லபடியாக ஓட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு.

குவாரிக் காரில், இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் காகித ஏர் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அதன் விலை நானூறு ரூபாய்க்குள்தான். ஆனால் மாற்ற நேரமில்லாதபோதெல்லாம் டிரைவர் பஞ்சர் கடையில் நிறுத்தி, கழற்றி, ஏர் அடித்து மாட்டிவிடுவார். இது உரிமையாளரின் மகனுக்குப் பிடிக்கவில்லை. கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர்களைப் பற்றித் தேடினார். அதில் ஆயில் பூசியது, பூசாதது என்று இரண்டு வகை இருப்பதும், இரண்டுக்கும் விடாப்பிடியான ஆதரவாளர்கள் இருப்பதும் தெரியவந்தது. எது சரி என்று முடிவு செய்ய முடியாமல், குவாரிக் காருக்கு ஆயில் வகையும் ஊர்க் காருக்கு டிரை வகையும் வாங்கிப் போட்டார். ஒவ்வொன்றும் ஐயாயிரத்தை ஒட்டிய விலை. பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், காகித ஃபில்டர் செலவு மிச்சம் என்று மூன்று எதிர்பார்ப்புகள் அவரிடம் இருந்தன.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு

ஆயில் வகை என்பது அலுமினியக் கம்பி வலைகளுக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணியைப் பல அடுக்காக மடித்து வைத்தது. கே அண்ட் என் நிறுவனத்தின் சிவப்பு ஃபில்டர்கள் இந்த வகைக்கு உலகமறிந்த உதாரணம். துணியை மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் தூசியைப் பிடிப்பது பிசுபிசுப்பான ஆயில்தான். ஆகவே இங்கே ஆயிலும் ஃபில்டரின் ஒரு பாகம். அது குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் ஆயிலே உள்ளே போகும்.

டிரை வகையில் நெய்யாத செயற்கை இழை விரிப்பு. ஏ.இ.எம். டிரைஃப்ளோ போன்றவை இந்த ரகம். வேலை செய்யும் விதத்தில் இது காகித ஃபில்டருக்கு நெருக்கமானது. இழைகளின் நெருக்கமே தூசியைத் தடுக்கிறது. கழுவினால், காய வைத்தால், மாட்டினால் போதும். ஆயில் வேண்டாம்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற தர முறை உண்டு. அளந்த தூசியை ஊட்டி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு காற்றுத் தடை வருகிறது என்று பார்ப்பார்கள். நல்ல காகித ஃபில்டர்கள் இதில் 99 சதவீதத்துக்கு மேல் வரும். ஆயில் பருத்தி வகைகள் பொதுவாக 96 முதல் 99 சதவீதத்துக்குள் நிற்கும். காதுக்கு இது சின்ன வித்தியாசமாகத்தான் கேட்கிறது. கடந்துபோகும் தூசியைக் கணக்கிட்டால்தான் விஷயம் புரியும். 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டரில் 100 கிராம் தூசிக்கு அரை கிராம் உள்ளே போகும், 97 சதவீதம் பிடிப்பதில் மூன்று கிராம் போகும். அதாவது ஆறு மடங்கு. தார் ரோட்டில் ஓடும் காருக்கு வருகிற தூசியே கொஞ்சம் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. குவாரியில் தெரியும். அங்கே பறக்கும் கல்பொடியில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தில் மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அது போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டி வந்தபோது கண்டது

ஃபில்டர் மாற்றிச் சில மாதம் கழித்து, குவாரிக் காரை உரிமையாளரே எங்கள் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டி வந்தார். “ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குதுங்க. ஆக்சிலேட்டரை அமுக்குனாலும் சும்மா கெடக்குது. புகை ஏதும் இல்லைங்க,” என்றார். இன்ஜின் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது புகை இல்லை என்ற பகுதி. டீசல் வண்டியில் டர்போ ஹோஸ் கிழிந்து பிக்கப் போனால் பெரும்பாலும் கரும்புகை வரும். உள்ளே வந்த காற்றை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் எண்ணிவிட்டது, அதற்கேற்ற டீசலை ஊற்றிவிட்டது, ஆனால் காற்று வழியிலேயே கசிந்துவிட்டது என்பதால் வரும் புகை அது. இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஸ்கேனரில் பி0101 என்ற பழுதுக் குறியீடு இருந்தது. ஏர் ஃப்ளோ சென்சாரின் அளவு, இருக்க வேண்டிய எல்லைக்குள் இல்லை என்று பொருள். இந்த சென்சார், ஃபில்டர் பெட்டியைத் தாண்டிய குழாயில் இருக்கிறது. உள்ளே சூடாக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்று. மேலே ஓடும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைக் கணிக்கும். படலத்தின் மேல் அழுக்கு படிந்தால் கணக்கு கெட்டுவிடும். அதிகக் காற்று ஓடும்போது குறைத்துக் காட்டும். காற்று குறைவு என்று நம்பிய கம்ப்யூட்டர், புகை வரக் கூடாதே என்று டீசலைக் குறைக்கும். வண்டி சும்மா கிடக்கும்.

இந்த வண்டியிலும் அதே கதைதான். ஐட்லிங்கில், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு மூடிய நிலையில், இந்த அளவு இன்ஜினுக்கு ஒரு ஸ்ட்ரோக்குக்கு சுமார் 300 மில்லிகிராம் காற்று வர வேண்டும். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்த்தபோது டர்போ அழுத்தம் ஏறியது, காற்றின் அளவு மட்டும் அதற்கேற்ற மாதிரி ஏறவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

காரணத்தைப் பிரித்துப் பார்த்தது

அடைத்துப்போன ஃபில்டரும் இழுவையைக் குறைக்கும் என்பதால், முதலில் புது காகித ஃபில்டரைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். மாற்றமில்லை. அடுத்து சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். அப்போது கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள பொதுவான அளவை வைத்து ஓட்டும். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. சென்சார்தான் தவறாகச் சொல்கிறது என்பது இதில் உறுதியானது.

சென்சார் ஏன் அழுக்கானது என்பதுதான் இந்த வழக்கின் மையம். ஆயில் ஃபில்டர் போட்ட வண்டியில் சென்சார் போனால் எல்லோரும் உடனே ஃபில்டர் ஆயிலைக் கை காட்டுவார்கள். இன்ஜினின் பிரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவியும் அந்தப் பக்கத்தைப் பிசுபிசுப்பாக்கக் கூடியது. அதனால் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்து இரண்டு இடத்தில் தனித்தனியாகத் துடைத்தோம். சென்சாரைத் தாண்டி டர்போ பக்கம் துடைத்தபோது துணி கருப்பானது. பிரீதர் ஆயில், எல்லா டீசல் வண்டியிலும் இருப்பதுதான். சென்சாருக்கு முன்னால், ஃபில்டர் பெட்டி மூடியின் உட்புறத்தில் துடைத்தபோது துணியில் நீலம் கலந்த பிசுபிசுப்பு வந்தது. அதோடு பழுப்பு நிறத்தில் மெல்லிய தூசி.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று டிரைவரைக் கேட்டோம். மறைக்காமல் சொன்னார். ஃபில்டரோடு வந்த ஆயில் பாட்டில் தீர்ந்துபோனது. கழுவும் திரவமும் ஆயிலும் சேர்ந்த கிட் வாங்க ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும். கழுவி மாட்ட வேண்டிய அன்று கையில் கிடைத்த, டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான 2டி ஆயிலை ஃபில்டரின் மடிப்புகளில் ஊற்றி, அன்றைக்கே மாட்டிவிட்டார். அவர் அலட்சியமான ஆள் கிடையாது. “ஆயில் போடாம மாட்டுனா மண்ணு போயிரும்னு தம்பி சொன்னாருங்கண்ணா, அதான்,” என்றார். தம்பி என்றது உரிமையாளரின் மகனை. ஃபில்டர் ஆயில் துணியிலேயே ஒட்டி நிற்பதற்காகச் செய்யப்பட்டது. 2டி ஆயில் பெட்ரோலோடு கலந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. இதைப் பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பழுப்புத் தூசிக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. ஃபில்டர் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தூசி கோடு போட்டிருந்தது. ஃபில்டரின் ரப்பர் ஓரம் அந்த மூலையில் சரியாக உட்காரவில்லை. பெட்டியின் கிளிப்பில் ஒன்றும் தளர்ந்திருந்தது. ஆக, துணி வழியாக எவ்வளவு தூசி போனது, ஓரம் வழியாக எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஃபில்டர் துணியைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்களில் பலர் இந்த ஓரத்தைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஊர்க் காரையும் வரவழைத்தோம். அதில் புகார் எதுவும் இல்லை, சென்சாரும் சுத்தம். டிரை ஃபில்டரைக் கழற்றிப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு மடிப்புகளில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. இதற்கும் பஞ்சர் கடையில் ஏர் அடித்திருக்கிறார்கள். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் இழைகள் விலகிவிடும். காகிதமானாலும் செயற்கை இழையானாலும் பருத்தியானாலும் இதுதான் நிலை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தோம். துணியால் துடைக்கவில்லை, காற்றும் அடிக்கவில்லை, அதுவாகவே உலரவிட்டோம். பழுதுக் குறியீட்டை அழித்து ஓட்டியபோது முழு ஆக்சிலேட்டரில் காற்றளவு ஏறியது. புது சென்சாருக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அது மிச்சம்.

அப்புறம் என்ன ஃபில்டர் போடுவது என்று உட்கார்ந்து பேசினோம். உரிமையாளர், மகன், டிரைவர் மூவரும் இருந்தார்கள். டிரைவர் இல்லாமல் இந்தப் பேச்சில் பயனில்லை என்று நான்தான் அவரையும் கூப்பிட்டேன்.

மகன் ஆயில் ஃபில்டரையே சரியான கிட்டோடு தொடரலாம் என்றார். அதில் நியாயம் உண்டு. முறையாகக் கழுவி, நிழலில் முழுதாகக் காயவைத்து, மடிப்புக்கு ஒரு கோடாக அளவோடு ஆயில் விட்டு, அது ஊறும் வரை பொறுத்து மாட்டினால் இந்த வகை கெடுதல் செய்யாமல் ஓடும். காற்றின் எடையை அளக்காமல், காற்று இன்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்ட் குழாயின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் கார்களில் சென்சார் பயமும் கிடையாது. இங்கே ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பல அப்படிப்பட்டவை. ஆனால் இந்தக் கார் அந்த ரகமல்ல. கழுவும் வேலை விழுவதோ விடியற்காலையில் ஐந்து மணிக்குச் சூப்பர்வைசரை ஏற்றப் போகிற டிரைவரின் தலையில். ஆயில் ஃபில்டரைக் கழுவிக் காயவைக்கும் நேரத்துக்கு வண்டி நிற்க வேண்டும், அல்லது இன்னொரு ஃபில்டர் வேண்டும். 80,000 கிலோமீட்டர் வரை கழுவ வேண்டாம் என்று விளம்பரத்தில் சொல்வது நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு. கிரஷர் பாதைக்கு அந்தக் கணக்கு எடுபடாது.

டிரை ஃபில்டரைக் குவாரிக் காருக்கு மாற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். ஆயில் தொல்லை இல்லைதான். ஆனாலும் அந்தத் தூசியில் அடிக்கடி கழுவ வேண்டும். மழைக்காலத்தில் காய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அவசரத்தில் ஈரமாக மாட்டும் ஆபத்தோ ஏர் அடிக்கும் ஆபத்தோ அப்படியே இருக்கும்.

ஆகவே குவாரிக் காருக்குக் காகித ஃபில்டரையே பரிந்துரைத்தேன். அதைக் கழுவ முடியாது, ஆயில் போட முடியாது. கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டத்தான் முடியும். தவறு செய்ய இடம் குறைவு. ஐயாயிரம் ரூபாய்க்குப் பன்னிரண்டு காகித ஃபில்டராவது வரும். கூடவே ஒரு விஷயம்: கொஞ்சம் தூசி படிந்த காகித ஃபில்டர், புத்தம் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். படிந்த தூசியும் சேர்ந்து தடுப்பதால் அப்படி. பார்க்க அழுக்காக இருக்கிறதே என்று வாராவாரம் ஏர் அடிப்பது அந்த நன்மையையும் கலைத்துவிடுகிறது.

ஊர்க் காருக்கு மறுபடி டிரை வகையே, புதிதாக இரண்டு. ஒன்று வண்டியில், ஒன்று அலமாரியில். கழுவும் பொறுப்பு மகனுக்கு. அவருக்கு அதில் ஆர்வமும் நேரமும் இருக்கிறது. அந்தக் கார் இரவில் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

அதன் பின்

குவாரிக் காரில் அந்தப் பழுதுக் குறியீடு திரும்ப வரவில்லை. ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை மாற்றி, மூடியின் உட்புறத்தைத் துடைத்துவிட்டிருந்தோம். அடுத்த ஆயில் சர்வீஸில் அதே இடத்தில் வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி வெள்ளையாகவே வந்தது.

உரிமையாளர் தன் லாரிகளின் இன்ஜின் ஆயிலை ஆயில் டீலர் மூலம் லேபுக்கு அனுப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். இந்தக் காரின் ஆயிலையும் இரண்டு முறை அனுப்பினார். சிலிக்கான் உள்ளே போன தூசிக்கும் இரும்பு தேய்மானத்துக்கும் அடையாளம். ஆயில் பூசிய ஃபில்டர் இருந்த காலத்து இன்ஜின் ஆயிலில் சிலிக்கான் அதிகமாக இருந்தது, கூடவே இரும்பும் ஏறியிருந்தது. காகித ஃபில்டரில் ஓடிய பிறகு, அதே ஆயில், ஏறக்குறைய அதே ஓட்டத்தில், சிலிக்கான் பாதிக்கும் கீழே வந்தது. கேஸ்கெட் பசையிலிருந்தும் சிலிக்கான் ஆயிலில் கலப்பதுண்டு. ஆனால் இடையில் இன்ஜினைத் திறக்கவில்லை. தூசி குறைந்ததால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஃபில்டர் மாறியதாலா, கிளிப் மாறியதாலா என்பது இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் பிரியாது. ஒரு வண்டியின் கதையை வைத்து எல்லா ஆயில் ஃபில்டருக்கும் தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

மைலேஜ் விஷயத்தில் மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். டீசல் பில்களை வைத்துப் பார்த்ததில் காகிதம், ஆயில், டிரை எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையும் இதை ஒட்டியே சொல்கிறது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகமெடுப்பதில்தான் குறைவு என்று அங்கே கண்டார்கள். அடைத்த ஃபில்டருக்கே அப்படியென்றால், நல்ல காகித ஃபில்டரைவிடக் கொஞ்சம் தாராளமாகக் காற்று விடும் ஒன்று மைலேஜைக் கூட்டும் என்று எதிர்பார்க்க ஆதாரமில்லை.

ஊர்க் காரின் டிரை ஃபில்டர்கள் நன்றாக ஓடுகின்றன. மகன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பெயின்ட் மார்க்கரால் எண் போட்டு, கழுவிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். மாட்டுமுன் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

மாற்ற வேண்டியவை

இதேபோல் இன்னொருவர் வந்தால், எந்த பிராண்ட் என்பதற்கு முன்பே, யார் கழுவுவார்கள், எங்கே காய வைப்பார்கள், அதுவரை வண்டி நிற்குமா என்று கேட்போம். அதற்குத் தெளிவான பதில் இல்லாத வண்டிக்குக் காகிதம்தான். பதில் இருந்து, காரில் ஏர் ஃப்ளோ சென்சாரும் இருந்தால் டிரை. ஆயில் வகையைத் தேர்ந்தெடுப்பவருக்கு முதல் நாளே இரண்டாவது பாட்டில் ஆயிலையும் சேர்த்து வாங்கச் சொல்வோம். தீர்ந்த பிறகு தேடினால் 2டி பாட்டில்தான் கைக்குக் கிடைக்கும்.

புது ஃபில்டர் எதுவானாலும் ஓரத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி மூடி, திறந்து, பெட்டியின் விளிம்பில் கிரீஸ் சுற்றிலும் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை அனுப்ப வேண்டும். ஒரு மூலை விட்டுப்போனால் ஃபில்டர் பெட்டியையே சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்ற கேள்வி. லாரிகளில் ஏர் கிளீனரை ஒட்டி ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும். காற்றுத் தடை கூடினால், பல டீசல் லாரிகளில் சுமார் 25 அங்குல நீர்மட்ட அளவை (காற்றுத் தடையை அளக்கும் அலகு) எட்டும்போது, சிவப்பு காட்டும். உரிமையாளருக்கு இது பழக்கமான பொருள். இதே மாதிரியான, இன்னும் குறைந்த அளவில் சிவப்பு காட்டும் ஒன்றைக் குவாரிக் காரின் ஃபில்டருக்குப் பின்னால் பொருத்தச் சொல்லியிருக்கிறார். சிவப்பு வரும் வரை மூடியைத் திறக்க வேண்டாம், வந்தால் புதியதை மாட்டலாம் என்பது டிரைவருக்குக் கொடுத்திருக்கும் ஒரே உத்தரவு. டிக்கியில் எப்போதும் ஒரு புது ஃபில்டர் அதன் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது.